காசு கொடுத்து வாங்கிய வெக்கை

சென்னைக்கு மேற்கே வாழ்ந்து பழகியவனிடம் வியர்வையைக் காசுக்கு விற்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் பதிவானது. அன்றைக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தகரக் கூரைக்குக் கீழே எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை. அப்போது நான் அங்கே ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையில் சூப்பர்வைசர். பல்சக்கரங்களை 900 டிகிரிக்கு மேல் காய்ச்சி, சூடு தணியுமுன் எண்ணெயில் இறக்குவது எங்கள் தொழில். உலைக் கதவு திறக்கும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்பதுதான் புதிதாகச் சேரும் பையனுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம்.

அந்த நினைப்பை மாற்றியது ஓர் இஸ்தான்புல் பயணம். என்னோடு வந்த மூவரும் நெருப்பை வைத்துப் பிழைத்தவர்களே. ஆவடி நண்பரின் அப்பா கனரக வாகனத் தொழிற்சாலையில் தொழிலாளி. 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்ததை நேரில் பார்த்தவர். மகன் அதே வாசலில் வெல்டராக நுழைந்து ஓய்வு பெற்றார். பூந்தமல்லி நண்பர் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டர். கோட்டை அடுப்பு முன்னால் நின்றே தலை நரைத்தவர். நான்காமவர் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர், டயர் கம்பெனி ஒன்றில் முதல் வகுப்பு பாய்லர் அட்டென்டன்ட் சான்றிதழோடு வேலை பார்த்தவர். டயரை வேகவைக்கும் நீராவி அவர் பொறுப்பில் இருந்தது. எங்களுக்கு அவர் பாய்லர் அண்ணன். திருவள்ளூர் லோக்கலில் தொடங்கிய சிநேகம், பிள்ளைகள் சம்பாதிக்க ஆரம்பித்த பிறகு வெளிநாடு வரை நீண்டது.

பிப்ரவரி மாதம். மழையும் காற்றுமாக இருந்தது. ஆவடிக்காரர் மங்கி குல்லாவைக் கழற்றவே இல்லை. துருக்கிக் குளியல் போகலாம் என்று முதலில் சொன்னவர் பூந்தமல்லிக்காரர். பாய்லர் அண்ணன் உடனே கேட்டார்: “துட்டு குடுத்து வேர்க்கணுமாடா? அதுக்கு நம்ம ஊர்லயே இருந்திருக்கலாமே!”

“அண்ணே, குளிருக்காச்சும் வாங்கண்ணே” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனோம்.

நாங்கள் போனது செம்பர்லிதாஷ் ஹமாம். பழைய நகரத்தில் டிராம் ஓடும் திவான் யோலு சாலையோரம், கி.பி. 330இல் கான்ஸ்டன்டைன் நட்ட தூணுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தீப்பிடித்துக் கருகி, இரும்புப் பட்டைகளால் இறுக்கிக் கட்டப்பட்டு நிற்கும் அந்தத் தூணைப் பார்க்கக் கூட்டம் நிற்கிறது. குளியல் இல்லத்தின் வாசலோ தெரு மட்டத்துக்குக் கீழே இறங்குகிறது, தேடினால்தான் தெரியும். 1584இல் கட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் மிமார் சினான், மூன்று சுல்தான்களிடம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் தலைமைச் சிற்பியாக இருந்தவர். கட்டச் சொன்னவர் சுல்தான் மூன்றாம் முராதின் தாய் நூர்பானு. கட்டி முடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அந்த அம்மாள் கட்டச் சொன்னது அரண்மனைக்காக அல்ல. கடலுக்கு அக்கரையில் உஸ்கூதாரில் அவர் ஒரு மசூதியும் அதோடு சேர்ந்த தர்ம நிலையங்களும் எழுப்பியிருந்தார். அவற்றின் செலவுக்கு நிரந்தர வருமானம் வேண்டும். இக்கரையில் ஊரார் குளிக்கும் காசு அக்கரைத் தர்மத்துக்குப் போகும்படி ஏற்பாடு. கோயில் விளக்குக்கும் மடத்துச் சோற்றுக்கும் நிலம் எழுதிவைத்த ஊர்க்காரர்களுக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை. இங்கே நிலத்துக்குப் பதில் குளியலறை. அழுக்குள்ள மனிதன் இருக்கும்வரை வற்றாத வருமானம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு பல நூற்றாண்டுகளுக்குச் சரியாகவே இருந்தது.

உள்ளே நுழைந்ததும் முதல் கூடம், உடை மாற்றும் இடம். கட்டம் போட்ட மெல்லிய துண்டு ஒன்று கொடுத்தார்கள், பெஷ்தெமால். இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும். கூடத்தில் இருந்த வெள்ளைக்காரர்கள் சிலர் அதை எப்படி முடிவது என்று தெரியாமல் கண்ணாடி முன் திண்டாடினார்கள். நாங்கள் நால்வரும் பிறந்ததிலிருந்து லுங்கி கட்டியவர்கள். குற்றாலத்தில் ஆயிரம் பேர் நடுவே ஈரத்துண்டை மாற்றிப் பழகியவர்களுக்கு இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி, தனித்தனிப் பணியாளர்கள். நம் ஊரில் பலர் மனத்தில் இருக்கும் துருக்கிக் குளியல், பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் 1862இல் வரைந்து முடித்த படத்திலிருந்தும் அதைப் பார்த்துச் செய்த சினிமாக்களிலிருந்தும் வந்தது. அந்த ஓவியர் துருக்கிக்குப் போனதே கிடையாது.

அடுத்தது இளஞ்சூடான இடைக்கூடம். அதையும் கடந்தால் வெப்பக்கூடம். மேலே பெரிய குவிமாடம், அதைத் தாங்கி வட்டமாகத் தூண்கள். குவிமாடம் முழுக்க உருண்டைக் கண்ணாடித் துளைகள். அவை வழியே பகல் வெளிச்சம் கோல் கோலாக ஆவிக்குள் இறங்குகிறது. நடுவில் இடுப்புயரத்துக்கு ஒரு பெரிய பளிங்கு மேடை. அதன்மேல் மல்லாந்து படுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

வேலை என்று பார்த்தால் இதுதான் முதல் அரை மணி: ஒன்றும் செய்யாமல் கிடப்பது. கல்லின் சூடு முதுகெலும்பு வழியாக ஏறுகிறது. காற்றில் 40 டிகிரிக்கு மேல் வெப்பம், கூடவே ஈரம். சாதாரணமாக வியர்வை ஆவியாகும்போதுதான் உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். காற்றே ஈரத்தில் ஊறிக் கிடந்தால் வியர்வை போக வழியில்லாமல் தோலிலேயே நிற்கும். உடம்போ இன்னும் அதிகமாக வியர்க்கும். கத்திரி வெயிலில் கடல்காற்று வராத சாயங்காலங்களில் அம்பத்தூரில் நடப்பதும் இதேதான். அப்போது எரிச்சல் வருகிறது, சண்டை வருகிறது, ஷிப்டில் கை நடுங்குகிறது. இங்கே அதே வெக்கையில் ஆவடிக்காரர் குறட்டை விட்டார்.

யோசித்துப் பார்த்தேன். எழுந்து போய்விடலாம் என்று தெரிந்திருந்ததுதான் வித்தியாசம். பக்கத்திலேயே குளிர்ந்த நீர் இருக்கிறது, கதவு திறந்திருக்கிறது, நேரம் என்னுடையது. உலைக்கு முன்னால் நிற்பவனுக்கு இந்த மூன்றும் கிடையாது.

பிறகு தெல்லாக் வந்தார். ஆண்களைத் தேய்த்துக் குளிப்பாட்டுபவர். ஐம்பது வயதிருக்கும், மீசை, தொப்பை, தோளில் இரும்பு. என் கையைத் தூக்கிப் பார்த்தார், புரட்டினார், கெஸே என்கிற சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு தோள்பட்டையில் ஆரம்பித்தார். நம் ஊர் பீர்க்கங்கூடு எல்லாம் இதற்கு முன்னால் பட்டு. அழிரப்பரில் தேய்த்த காகிதம் போலத் தோலிலிருந்து சாம்பல் நிறச் சுருள்கள் உருண்டு விழுந்தன. அவற்றை அவர் எனக்கு எடுத்துக் காட்டியதில் தொழில் பெருமை தெரிந்தது. அன்று காலையில்தான் ஓட்டலில் சோப்புப் போட்டுக் குளித்திருந்தேன் என்று அவரிடம் சொல்ல எனக்குப் பாஷையும் இல்லை, முகமும் இல்லை.

அடுத்து நுரை. ஒரு மெல்லிய துணிப்பையைச் சோப்பு நீரில் முக்கி, காற்றை ஊதி நிரப்பி, வழித்து விட்டார். கழுத்துவரை நுரை மூடியது. நுரைக்கு மேலே பிசைந்தார், மூட்டுக்கு மூட்டு சொடுக்கு எடுத்தார். கடைசியில் சுவரோரம் உட்காரவைத்து, பளிங்குத் தொட்டியிலிருந்து செம்புக் கிண்ணத்தால் மொண்டு மொண்டு தலையில் ஊற்றினார்.

தமிழ்நாட்டு ஆண் ஒருவனை அடுத்தவர் கை குளிப்பாட்டுவது வாழ்க்கையில் எத்தனை முறை? குழந்தையாக இருக்கும்போது, கால் நீட்டி உட்கார்ந்த பாட்டியின் மடியில். வளர்ந்த பிறகு கல்யாணத்து நலங்கில் பேருக்கு எண்ணெய் வைத்துக் கொஞ்சம் தண்ணீர். அதற்கப்புறம் கடைசிக் குளியல். அது நமக்குத் தெரியாது. இடையில் இருக்கிற அத்தனை வருடமும் நம் முதுகு நமக்கு எட்டாமலே போகிறது. என் தலையில் தண்ணீர் ஊற்றிய அந்த மனிதர் உச்சந்தலையை உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். தொண்டையில் ஏதோ அடைத்தது உண்மை.

ஆனால் இந்தக் கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலைகளை நம் சமூகம் எங்கே வைத்தது என்பது நமக்குத் தெரியும். மழித்தவரையும் வெளுத்தவரையும் பிணம் கழுவியவரையும் ஊருக்கு வெளியே நிறுத்தினோம். துருக்கியிலும் தெல்லாக் பெரிய மனிதராக மதிக்கப்பட்டதில்லை. பல பேர் பிழைப்புத் தேடி அல்பேனியாவிலிருந்தும் அனத்தோலிய மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள். அப்படி வந்த ஒருவர்தான் பத்ரோனா ஹலீல். படைவீரராக இருந்தவர், பழைய துணி விற்றவர், பயாசித் குளியல் இல்லத்தில் தெல்லாக்காக இருந்தார் என்றும் சொல்கிறார்கள். 1730 செப்டம்பரில் வரிச்சுமையிலும் விலைவாசியிலும் கொதித்துப் போயிருந்த நகரத்தை அவர் தெருவுக்குக் கொண்டுவந்தார். தலைமை அமைச்சர் உயிரிழந்தார். சுல்தான் மூன்றாம் அகமது அரியணையை விட்டு இறங்கினார். முதலாம் மகமூத் ஏறினார். இரண்டு மாதத்துக்குள் ஹலீலைக் கொன்றுவிட்டார்கள். அதன்பின் எந்தக் குளியல் இல்லத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று அரசாங்கம் பட்டியல் எடுத்தது. அல்பேனியர்களைச் சேர்க்கக் கூடாது என்று உத்தரவும் போட்டது.

அதே மகமூத் 1741இல் ஜாலோலு ஹமாமைக் கட்டினார். அதன் வருமானம் ஹாகியா சோபியாவில் அவர் வைத்த நூலகத்துக்குப் போனது. அதுதான் அந்நகரில் எழுந்த கடைசிப் பெரிய ஹமாம் என்கிறார்கள். 1768இல் மூன்றாம் முஸ்தபா புதிய பெரிய குளியல் இல்லங்களுக்குத் தடை போட்டார். விறகும் தண்ணீரும் கட்டுப்படியாகவில்லை. பயாசித் குளியல் இல்லம் இன்று ஹமாம் பண்பாட்டு அருங்காட்சியகம். ஊர்க்காரர்கள் இன்னும் அதைப் பத்ரோனா ஹலீல் ஹமாம் என்றும் சொல்கிறார்கள். வேலைநிறுத்தம், கேட் மீட்டிங், கதவடைப்பு எல்லாம் பார்த்த ஆவடிக்காரருக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. “நம்ம ஆளுய்யா அவரு” என்றார்.

பூந்தமல்லிக்காரரைக் கவர்ந்தது தண்ணீர். எங்கேயும் குளிக்கும் தொட்டி இல்லை. சுவரோரப் பளிங்குத் தொட்டிகளில் சூடும் குளிருமாக இரண்டு குழாய். விளாவி மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டும். ஒருவர் அழுக்கு நீரில் இன்னொருவர் இறங்கக் கூடாது, ஓடும் நீரே சுத்தம் என்பது இஸ்லாமிய முறை. ரோமானியர்கள் முங்கிக் குளித்தார்கள். கட்டட அமைப்பை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட துருக்கியர் தொட்டியை மட்டும் விட்டுவிட்டார்கள். “வாளியும் சொம்பும்தானே! இதுக்கா இவ்ளோ பேரு?” என்றார் சமையல்காரர். அவர் வீட்டு மருமகள் ஷவர் வைத்துத் தந்தும் இன்றுவரை பிளாஸ்டிக் வாளியை விடாதவர்.

பாய்லர் அண்ணனுக்கு மட்டும் மனம் வேறெங்கோ இருந்தது. கல்லின்மேல் படுத்திருந்தபோதே கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். மேடை நடுவில் சூடு அதிகம், ஓரத்தில் குறைவு. ஒரு சுவர் மற்ற சுவர்களைவிடச் சூடு. “அடுப்பு அந்தப் பக்கம் இருக்குடா” என்றார். வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது படம் போட்டு விளக்கினார். அவர் ஊகம் முக்கால்வாசி சரி. ஹமாமின் பின்புறத்தில் குல்ஹான் என்ற உலையறை இருக்கும். அங்கே எரியும் விறகின் அனல் ஒரு பக்கம் தண்ணீர்க் கொப்பரையைச் சூடாக்கும். அனலும் புகையும் வெப்பக்கூடத்தின் தரைக்கு அடியில் பாயும். தரை குட்டையான செங்கல் தூண்கள்மேல் நிற்பதால் கீழே முழுக்க வெற்றிடம். அங்கிருந்து சுவருக்குள் பதித்த சுடுமண் குழாய்கள் வழியாக ஏறிக் கூரைக்கு மேலே வெளியேறும். ஒரே நெருப்பு தண்ணீரையும் தரையையும் சுவரையும் சூடாக்குகிறது. பூச்சு செங்கல் தூள் கலந்த சுண்ணாம்பு; மதராஸ் பழைய கட்டடங்களில் பார்த்த அதே சுர்க்கிச் சாந்து.

“பிரெஷர் கிடையாது, வெடிக்காது, வால்வு இல்லை. நாலு நூறு வருஷமா ஓடுது. நம்ம இன்ஸ்பெக்டர் வந்தா என்னத்தடா செக் பண்ணுவான்?”

அதன் பிறகு அவருக்கு மசூதியும் வேண்டாம், கடைத்தெருவும் வேண்டாம், உலை பார்க்க வேண்டும். உஸ்கூதாரில் சுற்றுலாக்காரர்கள் வராத ஒரு சின்னப் பேட்டை ஹமாமின் பின்சந்தில் அது கிடைத்தது. சுவரில் பல காலத்துக் கரி. பாதி திறந்த இரும்புக் கதவு. உள்ளே விறகில்லை, எரிவாயு பர்னரும் ஒரு கொதிகலனும். கனத்த ஸ்வெட்டர் போட்ட ஒரு பெரியவர் ஸ்டூலில் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் தன் நெஞ்சைத் தொட்டு, கொதிகலனைக் காட்டி, விரல்களால் முப்பது என்று காட்டினார். முப்பது வருஷம் இதே வேலை என்று பொருள். அந்தப் பெரியவர் எழுந்து நாற்பது காட்டினார். அப்புறம் இருவரும் பிரஷர் கேஜைத் தட்டிப் பார்த்தார்கள், பர்னர் சத்தத்துக்குக் காது கொடுத்தார்கள், அண்ணன் ஒரு ஃபிளாஞ்சில் கசிவு இருப்பதைக் காட்டினார், அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். எங்களுக்குத் தேநீர் வந்தது. விறகு எரிந்த காலத்தில் வீடற்ற பையன்கள் குளிர்காலத்தில் இந்த உலையறைகளில்தான் படுத்திருப்பார்களாம். பளிங்குக் கூடத்தில் பாஷாக்கள் வியர்த்த அதே நெருப்பு, சுவருக்கு இப்பால் அநாதைகளைக் காப்பாற்றியிருக்கிறது.

இந்தியாவுக்கும் இந்தக் குளியல் புதிதல்ல. பத்தேபூர் சிக்ரியில் பெரிய ஹமாம்களின் மிச்சம் நிற்கிறது. பீதர் கோட்டைக்குள் இருந்த அரச ஹமாம் இப்போது அருங்காட்சியகம். பாட்னாவில் 1759இல் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் ஆவிக்குளியலும் தேய்ப்பும் நடத்தி, மன்னர் நான்காம் ஜார்ஜுக்கே தேய்த்துவிடும் நிபுணரானார். வடக்கே ஹமாம் தேவைப்பட்டதற்குக் காரணம் குளிர். தெற்கே ஆறும் குளமும் இருந்தன. சனிக்கிழமை நல்லெண்ணெயும் சீயக்காயும் இருந்தன. நமக்கு வெக்கையைக் கட்டடம் கட்டிப் பிடித்துவைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். இருதயக் கோளாறோ ரத்த அழுத்தமோ இருந்தால் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெப்பக்கூடத்தில் தலை சுற்றினால் வெட்கப்படாமல் எழுந்து வந்துவிடுங்கள். புதிதாகச் சவரம் செய்த முகத்தில் கெஸே பட்டால் எரியும். ஈரப் பளிங்கு வழுக்கும். அவசர நடை ஆகாது. தேய்த்தவருக்குத் தனியாக இனாம் கொடுப்பது வழக்கம். பெரிய புகழுள்ள ஹமாம்களில் கட்டணம் அதிகம். பேட்டை ஹமாம்கள் மலிவு, அங்கே கூட்டமும் உள்ளூர்க் கூட்டம். வீட்டுக்கு வீடு குளியலறை வந்த பிறகு அவை குறைந்துகொண்டே வருகின்றன.

அம்பத்தூருக்குத் திரும்பியபின் எனக்கு உறுத்துவது ஒன்றே. சென்னையில் இப்போது துருக்கிக் குளியல் என்று பலகை போட்ட ஸ்பாக்கள் இருக்கின்றன. ஏசி அறையிலிருந்து இறங்கி ஏசி காரில் வருபவர்கள் காசு கொடுத்து வியர்த்துவிட்டுப் போகிறார்கள். நூர்பானு கட்டியது அது அல்ல. வேலை முடிந்த உடம்பு வீட்டுக்குப் போகுமுன் சுத்தமாகவும் இளைப்பாறவும் ஊர் நடுவில் ஓர் இடம். அதன் லாபம் தர்மத்துக்கு. 1964இல் தொடங்கிய எங்கள் தொழிற்பேட்டையைச் சுற்றி, பட்டரவாக்கத்திலும் மண்ணூர்ப்பேட்டையிலும், ஒரே குளியலறைக்கு வரிசையில் நிற்கும் அறைகளில் பீகார், ஒடிசாப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். எக்ஸ்போர்ட் கம்பெனிப் பெண்கள் விடியற்காலையில் வாளியோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிறார்கள். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே 42ஆம் பிரிவில் கழுவிக்கொள்ளும் வசதி வேண்டும் என்றது. பல பட்டறைகளில் அது ஒரு குழாயோடும் பாதிச் சோப்போடும் முடிந்துவிடுகிறது.

இதைச் சொன்னபோது பாய்லர் அண்ணன் சிரிக்கவில்லை, பேனா கேட்டார். என் பழைய பட்டறையில் பல்சக்கரம் இறக்கும் எண்ணெய்த் தொட்டி சூடேறிவிடாமல் இருக்கத் தண்ணீர் ஓடவிட்டுக் குளிரவைப்போம். அந்தச் சூடு கூலிங் டவர் வழியாக வானத்துக்குப் போகும். உலைப்புகையின் சூடும் அப்படியே. அதை மடக்கி ஒரு ஹீட் எக்ஸ்சேஞ்சர் போட்டால் ஷிப்டு முடிகிற அத்தனை பேருக்கும் வெந்நீர் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். தேய்க்க ஆள், கணக்குப் பார்க்க ஆள், ஆம்பளைக்கு ஒரு பக்கம், பொம்பளைக்கு ஒரு பக்கம் என்று வரைந்துகொண்டே போனார்.

“நெருப்பு நம்மகிட்ட இருக்கு தம்பி, அனல் சும்மா போவுது. எடம் மட்டும் எவன்னா குடுத்தா நான் வந்து ஒக்காந்து ஓட்டுறேன், சம்பளமே வேணாம். ஆனா ரேட்டு டீக்கடை ரேட்டுதான். அதுக்கு மேல ஒரு ரூபா ஏத்தினாலும் நான் வால்வ மூடிடுவேன்.”